மானோமீட்டரில் எண் ஏறினால் காற்று கூடிவிட்டதா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

சித்திரை மாத மத்தியான வெயிலில், பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறிக்கோழிப் பண்ணைக்குப் போயிருந்தேன். ஒரு முனையில் கூலிங் பேட் (தண்ணீர் ஓடி, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் துளையுள்ள அட்டைச் சுவர்), மறுமுனையில் விசிறிகள் வரிசையாக வைத்த மூடிய ஷெட். சுவரில் மாட்டியிருந்த மானோமீட்டர் என்ற அழுத்தமானி 42 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) காட்டியது. "போன பேட்ச்சில் 25 தான் இருந்தது அண்ணா, பெல்ட் மாற்றிய பிறகு விசிறிகள் எப்படி இழுக்கின்றன பாருங்கள்" என்று பண்ணைக்காரத் தம்பி மகிழ்ச்சியோடு காட்டினார். விசிறிப் பக்கம் நடந்து போனேன். கோழிகள் இறக்கையைத் தளர்த்தி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. காற்று உடம்பில் படவே இல்லை.

வெளியே சுற்றிவந்து பேட்டைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஓடி ஓடி, பேட்டின் துளைகளில் பாதி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து அடைந்திருந்தது. உள்ளே வரும் வழி குறுகியதால்தான் எண் ஏறியிருந்தது. விசிறிகள் தள்ளிய காற்றின் அளவு முன்பைவிடக் குறைந்துதான் இருந்தது.

நூற்பாலையில் ஈரப்பதமூட்டும் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். எங்கள் கொங்குப் பகுதியில் ஒரு தோட்டத்தில் மில், அடுத்த தோட்டத்தில் கோழி ஷெட் என்று இருப்பதால், இரண்டு இடங்களிலும் மானோமீட்டரோடு அலைகிறேன். இரண்டிலும் ஒரே தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மானோமீட்டர் இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டை மட்டுமே சொல்லும். எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதை அது சொல்லாது. ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: இந்தக் கருவியின் இரண்டு குழாய் முனைகளும் இப்போது எங்கே இருக்கின்றன? பாதிப் பிழைகள் இந்தக் கேள்வியிலேயே வெளிவந்துவிடும்.

அளவும் மனத்தில் நிற்க வேண்டும். 1 மி.மீ. நீர்மட்டம், அதாவது அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தம், 9.8 பாஸ்கல். 1 அங்குல நீர்மட்டம் 249 பாஸ்கல். ஷெட்டில் வழக்கமாகப் பேசப்படும் 0.10 அங்குலம் என்பது 25 பாஸ்கல், அதாவது இரண்டரை மி.மீ. தண்ணீர். ஒரு நெல்மணியின் அகலம்தான்! இத்தனை சிறிய அளவை அளக்கும்போது குழாயில் தங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கணக்கைக் கவிழ்த்துவிடும்.

விசிறி ஓடுகிறது, முள் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை

விசிறியைத் தொடாதீர்கள். குழாயிலிருந்து தொடங்குங்கள். கருவிக்குப் பக்கத்தில் குழாயை இரண்டு விரலால் லேசாக நசுக்குங்கள். முள் துள்ளினால் கருவி உயிரோடு இருக்கிறது. பிழை குழாயிலோ அதன் முனையிலோ இருக்கிறது. துள்ளவில்லை என்றால் கருவியின் துளையில் தூசியோ குளவிக் கூடோ அடைத்திருக்கும். வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். மனித வாய் சாதாரணமாக ஊதினாலே ஆயிரக்கணக்கான பாஸ்கல் எழும். 60 அல்லது 125 பாஸ்கல் வரை மட்டுமே அளக்கும் கருவிக்கு அது பல மடங்கு அதிகம்.

அடுத்து குழாயின் முழு நீளத்தையும் கையால் தடவிக்கொண்டே போங்கள். எலி கடித்த இடம், ஆணி அடித்து நசுங்கிய இடம், கூரைத் தகட்டின் சூட்டில் இளகி மடிந்த இடம் எல்லாம் கண்ணைவிடக் கைக்குத்தான் எளிதில் தட்டுப்படும். கசிவு இருக்கிறதா என்று தெரிய, குழாயின் தூர முனையில் ஊசி போடும் சிரிஞ்சைச் செருகி, முள் பாதி ஏறும்வரை மிக மெதுவாகத் தள்ளி அப்படியே பிடித்திருங்கள். முள் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

குழாய் நன்றாக இருந்தும் பூஜ்யமா? இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் இருக்கலாம். வெளிக்காற்று முனையைக் கட்டுப்பாட்டு அறைக்குள் விட்டிருப்பார்கள். அந்த அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவே கதவு திறந்திருக்கும். உள்ளும் புறமும் ஒன்றாகிவிட்டால் வேறுபாடு எங்கிருந்து வரும்?

மில்லில் காற்றுக் குழாயின் அளவுத் துளையை (அழுத்தம் எடுக்கச் சுவரில் போட்ட துளை) பஞ்சு அடைத்துக்கொள்வது அன்றாட நிகழ்ச்சி. துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். புதிதாகத் துளை போடுவதென்றால் 2 அல்லது 3 மி.மீ. போதும், குழாய்ச் சுவருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், உட்பக்கம் தகட்டுப் பிசிர் நிற்கக் கூடாது. ஒரு பிசிர் காற்றோட்டத்தைக் கிளப்பி எண்ணைத் திரித்துவிடும். விசிறி ஓடும்போது, பஞ்சு படிந்த குழாயில் ஒருபோதும் துளை போடாதீர்கள். ஒரு தீப்பொறி போதும், குழாய் வழியே தீ வடிகட்டிக்குப் போய்விடும்.

விசிறியை நிறுத்தியும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை

இரண்டு குழாய்களையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் கருவியின் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. வட்ட முகமுள்ள முள் கருவிகள் செங்குத்தாக நிற்கும் நிலையில் அளவு சரிபார்க்கப்பட்டவை. மேசைமேல் படுக்கவைத்தாலே பூஜ்யம் மாறும். நிறுத்திவைத்து, முகப்பிலுள்ள சிறு திருகால் சரிசெய்யுங்கள். டிஜிட்டல் கருவியை வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்தாமல், ஷெட்டின் சூட்டுக்கு அது பழகச் சற்று நேரம் கொடுத்துப் பூஜ்யம் அழுத்துங்கள்.

குழாயைக் கழற்றியதும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால், குற்றவாளி குழாய்க்குள் நிற்கும் தண்ணீர். பேட்டின் ஈரக் காற்றும், மில்லில் காற்றைக் கழுவும் அறையின் ஈரக் காற்றும் குழாய்க்குள் வியர்த்து, தொங்கும் வளைவில் தேங்கும். அந்தத் தண்ணீரின் இரு மட்டங்களுக்கும் 5 மி.மீ. உயர வேறுபாடு இருந்தால் 49 பாஸ்கல் பிழை. ஷெட்டுக்குத் தேவையான அளவைப்போல் இரண்டு மடங்கு! குழாயைக் கருவியிலிருந்து கழற்றி உதறி வடித்துவிட்டு, கருவியிலிருந்து அளவிடத்தை நோக்கி முழுநீளமும் இறக்கமாக இருக்கும்படி கட்டுங்கள். தண்ணீர் வந்தாலும் தானே வடிந்து போகும்.

எண் வழக்கத்தைவிட ஏறியிருக்கிறது

மக்கள் மகிழ்ந்து ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஷெட்டில் ஓடும் விசிறிக்கு எதிர்ப்பு கூடக் கூட, அது தள்ளும் காற்றின் அளவு குறையும். விசிறி வாங்கும்போது தரும் அட்டவணையில் 0 பாஸ்கலில் எவ்வளவு, 25-இல் எவ்வளவு, 50-இல் எவ்வளவு என்று இறங்குவரிசையில் போட்டிருப்பார்கள். அந்தத் தாளைத் தொலைக்காமல் வைத்திருங்கள். 42 பாஸ்கல் என்றால் அந்த வரிசையில் கீழே இறங்கிவிட்டோம் என்று பொருள்.

எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு முனையை வெளியிலேயே வைத்து, ஷெட் பக்க முனையை முதலில் பேட்டுக்குச் சற்று உள்ளே பிடியுங்கள். வருவது பேட்டில் மட்டும் இழக்கும் அழுத்தம். பிறகு அதே முனையை விசிறிகளுக்கு அருகே கொண்டுபோங்கள். வருவது மொத்த இழப்பு. இரண்டு எண்களும் நெருங்கி இருந்தால் அடைப்பு பேட்டில். முதல் எண் சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருந்தால், நடுவே தொங்கும் தடுப்புத் திரைகள் அளவுக்கு மீறித் தாழ்ந்து காற்றின் வழியைக் குறுக்குகின்றன. பல்லடத்து ஷெட்டில் பேட்டுக்குப் பின்னாலேயே 35 பாஸ்கல் வந்தது. அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை.

பேட் ஏன் அடைகிறது? தண்ணீர் ஆவியாகிறது, அதிலிருந்த உப்பு ஆவியாவதில்லை. தொட்டியில் குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் கரிக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கிணறுகளின் கடினத் தண்ணீருக்கு, தொட்டியைக் குறிப்பிட்ட இடைவெளியில் முழுக்க வடித்துப் புதிதாக நிரப்புவது ஒன்றுதான் எளிய தற்காப்பு. இரவில் விசிறியைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பேட்டை முழுக்க உலர விட்டால் பாசியும் கட்டுப்படும். அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். அட்டை கிழிந்து துளைகள் படுத்துவிடும்.

பேட்டில் அடைப்பில்லாமலும் எண் ஏறியிருக்கலாம்: பேட்டின் பரப்பே போதாமல் கட்டியிருப்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 விசிறிகள், ஒவ்வொன்றும் இயங்கு அழுத்தத்தில் மணிக்கு 36,000 கன மீட்டர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நொடிக்கு 100 கன மீட்டர். 15 செ.மீ. தடிமனுள்ள பேட்டின் வழியே காற்று நொடிக்கு 1.75 மீட்டர் வேகத்தில் நுழைவது நல்லது. 100-ஐ 1.75-ஆல் வகுத்தால் 57 சதுர மீட்டர் பேட் வேண்டும். பலரும் விசிறியைக் கூட்டிவிட்டுப் பேட்டைக் கூட்டாமல் விடுகிறார்கள். பதினோராவது விசிறி எண்ணை ஏற்றும், மின்கட்டணத்தையும் ஏற்றும், காற்றை ஏற்றுவது கொஞ்சம்தான்.

மில்லிலும் இதே கதைதான். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு ஏறினால், துணியில் பஞ்சு கெட்டித்துவிட்டது. சுழல் வடிகட்டியின் உறிஞ்சு முனை துணியைச் சரியாகத் தொடுகிறதா, பை வடிகட்டி என்றால் உதறிவிடும் அழுத்தக் காற்று வருகிறதா என்று பாருங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தின் கடைசி முனையில் உறிஞ்சல் குறைந்து, அறுந்த இழை உருளையில் சுற்றிக்கொள்ளத் தொடங்கும். நூல் பிரிவில் இருப்பவர்கள் இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். கோளாறு வடிகட்டி அறையில் இருக்கும்.

இங்கே குழாய் இணைப்பில் ஒரு குழப்பம் வரும். உறிஞ்சும் பக்கத்தில் வடிகட்டிக்கு முன் மைனஸ் 300 பாஸ்கல், பின் மைனஸ் 900 என்றால், முன்பக்கம்தான் உயர் அழுத்தம். உயர் அழுத்தத் துளையில் முன்பக்கக் குழாயைச் செருகினால் கருவி 600 காட்டும். மாற்றிச் செருகினால் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டி நிற்கும். இதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களை நான் அறிவேன்.

எண் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறது

ஷெட்டில் முதலில் கசிவைச் சோதியுங்கள். காலி ஷெட்டில், கதவு, பேட் மறைப்பு, பக்கத் திரை எல்லாவற்றையும் மூடிவிட்டு, 48 அங்குல விசிறி ஒன்றை மட்டும் ஓட்டினால் 37 பாஸ்கல் அளவுக்காவது ஏற வேண்டும் என்பது பண்ணை வழக்கில் உள்ள அளவுகோல். ஏறவில்லை என்றால் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சம் வரும் இடத்திலெல்லாம் காற்றும் வரும். திரையின் அடிப்பகுதி, கூரையும் சுவரும் சேரும் இடம், விசிறிச் சட்டத்தைச் சுற்றிய இடுக்கு ஆகிய மூன்றும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

நின்றுபோன விசிறியின் ஷட்டர் மூடாமல் திறந்தே இருந்தால், பக்கத்து விசிறிகள் அதன் வழியாகவே வெளிக்காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கோழிகளைத் தொடாமலேயே காற்று சுற்றுகிறது. ஒரு துண்டுக் காகிதத்தை அங்கே பிடித்தால் உள்நோக்கிப் பறப்பதைப் பார்க்கலாம்.

பெல்ட் தேய்ந்தால் புல்லியின் பள்ளத்தில் ஆழமாக இறங்கி உட்காரும். விசிறியின் சுற்று குறையும். சுற்று 10 சதவீதம் குறைந்தால் காற்று 10 சதவீதம் குறையும். அழுத்தமோ 19 சதவீதம் குறையும், ஏனென்றால் அது சுற்றின் இருமடியோடு போகிறது. பெல்ட் இழுவை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், சுற்றை எண்ணும் கருவியால் அளந்து பாருங்கள்.

மின்வாரியத்தார் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாளே எண் குறைந்ததா? மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருக்கலாம். ஷெட் விசிறி திசை மாறினால் காற்று உள்ளே அடிக்கும், உடனே தெரிந்துவிடும். மில்லின் பெட்டி போன்ற ப்ளோவர் திசை மாறிச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வெளியேறும், அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துபோகும். ஏமாற்றிவிடும் கோளாறு அது. கூட்டின்மேல் வரைந்திருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடிகட்டியின் எண் ஒரே நாளில் பாதியாக இறங்கியது

இதற்கும் மகிழக் கூடாது. துணியோ பையோ கிழிந்து காற்று குறுக்குவழியில் போகிறது. வெளியேறும் பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றைச் சிறிது நேரம் பிடியுங்கள். தூசி படிந்தால் நிறுத்தித் திறந்துவிடுங்கள்.

முள் நிற்காமல் ஆடுகிறது

ஆடி மாதம் என்றால் முதலில் வெளிமுனையைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் கேத்தனூரிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்கின்றன. அம்மியை அசைக்கும் அந்தக் காற்று ஒரு குழாய் முனையைச் சும்மா விடுமா? மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று குழாய் வாயில் நேராக அடித்தால் 55 பாஸ்கலுக்குமேல் தள்ளும். நாம் அளக்க வந்ததோ 25. முனையைக் காற்று அடிக்காத சுவரின் இறவாரத்தின் கீழ், சிறு துளைகள் போட்ட பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டி அதற்குள் விடுங்கள். ஆட்டம் பெருமளவு அடங்கும்.

காற்றில்லாத நாளிலும் ஆடினால், அளவுத் துளை வளைவுக்கோ விசிறிக்கோ மிக அருகில் இருக்கிறது. வளைவுக்குப் பிறகு குழாய் விட்டத்தைப்போல் ஏழெட்டு மடங்கு நேர்நீளம் தாண்டித் துளை போடுவது நல்லது. இடமில்லாவிட்டால் கிடைத்த நேர்ப்பகுதியில் சுற்றிலும் நான்கு துளைகள் போட்டு அவற்றை ஒரே குழாயில் இணையுங்கள்.

பிடாட் குழாயில் அளந்த வேகம் பொருந்தவில்லை

காற்றின் வேகம் அளக்கக் குழாய்க்குள் விடும் பிடாட் குழாயின் மூக்குத் துளை மொத்த அழுத்தத்தையும் பக்கத் துளைகள் நிலை அழுத்தத்தையும் எடுக்கும். இரண்டின் வேறுபாடுதான் வேகத்துக்குரியது. மூக்கு காற்றை நேராகப் பார்க்கட்டும். வேகம் காண, மி.மீ. நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தை 4.04-ஆல் பெருக்கச் சொல்வார்கள். அது கன மீட்டருக்கு 1.2 கிலோ எடையுள்ள காற்றுக்கு உரியது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 32 டிகிரி வெயிலில் இங்குள்ள காற்று 1.1 கிலோதான். ஆகவே 4.2 என்று கொள்ளுங்கள். ஷெட்டுக்குள் பிடாட்டைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே நொடிக்கு 3 மீட்டர் வேகம் தரும் அழுத்தம் வெறும் 5 பாஸ்கல். சிறகு சுழலும் காற்றுவேகமானியே அதற்கு ஏற்றது.

இரண்டு கருவிகள் இரண்டு எண்கள் காட்டுகின்றன

அலகைச் சரிபார்த்த பிறகு, திரவத்தைப் பாருங்கள். சரிவுக் குழாய் மானோமீட்டர்கள் சிலவற்றின் அளவுகோல் 0.826 ஒப்படர்த்தியுள்ள சிவப்பு எண்ணெய்க்காக வரையப்பட்டது. எண்ணெய் தீர்ந்துபோய் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தால், படித்த எண்ணை 1.21-ஆல் பெருக்கினால்தான் உண்மையான அழுத்தம் வரும்.

எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் தண்ணீரிடம் போவதுதான் என் வழக்கம். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை, மின்கலம் தேவையில்லை. ஒன்றேகால் மீட்டர் பலகையில், 6 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளிபுகும் குழாயைத் தொய்வில்லாமல் நேராகப் பதியுங்கள். கீழ்முனையை, 15 செ.மீ. அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் கசிவில்லாமல் இணையுங்கள். டப்பா மூடியில் ஒரு துளை இருக்கட்டும். டப்பாவில் நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, காற்றுப்படாத வெளிச்சுவர் ஓரம் வைத்து, குழாயின் மேல்முனையை ஷெட்டுக்குள் போகும் குழாயோடு சேருங்கள். குழாயில் 1 மீட்டர் நீளத்துக்குச் சரியாக 10 செ.மீ. உயரம் ஏறும்படி பலகையைச் சாய்த்து, கீழேயுள்ள தளத்தை ரசமட்டம் வைத்துச் சமன்செய்யுங்கள். இந்தச் சாய்வில் தண்ணீர் குழாயில் 1 மி.மீ. நகர்ந்தால் ஏறத்தாழ 1 பாஸ்கல். பள்ளிக்கூட அளவுகோலை ஒட்டினாலே போதும். குழாயில் குமிழி நிற்காமல் தட்டி வெளியேற்றுங்கள். தண்ணீர் ஒட்டி ஒட்டி நகர்ந்தால் ஒரே ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விடுங்கள், அதற்குமேல் விட்டால் நுரைக்கும்.